‘சார்பட்டா பரம்பரை’ காட்டும் உடல்: ஓர் அறிவியல் நோக்கு

ஒரு திரைப்படத்தை அறிவியல் ஏடு ஏன் ஆராய வேண்டும் என்று வாசகர்கள் கேட்கலாம். படம் வெறும் பொழுதுபோக்காக இருந்தால் அதற்குத் தேவையில்லை. ஆனால் ஒரு படத்தைப் பார்த்துவிட்டு ஆயிரக்கணக்கான இளைஞர்கள் ‘உடம்பை இப்படித்தான் ஆக்க வேண்டும்’ என்று முடிவு செய்கிறார்கள் என்றால், அந்தப் படம் ஒரு பாடநூலின் வேலையைச் செய்யத் தொடங்கிவிட்டது என்று பொருள். பாடநூலில் பிழை இருந்தால் சுட்டிக்காட்டுவது ஆசிரியனின் கடமை.

2021 ஜூலையில் வெளிவந்த பா. இரஞ்சித்தின் ‘சார்பட்டா பரம்பரை’ அத்தகைய படம். 1970களின் வடசென்னை, சார்பட்டா, இடியப்ப நாயக்கர் என்னும் இரு குத்துச்சண்டைப் பரம்பரைகளின் போட்டி, துறைமுகக் கூலித் தொழிலாளி கபிலன் (ஆர்யா) மேடை ஏறுவது, குடியில் வீழ்வது, மீண்டும் எழுவது என்பதே கதை. இராயபுரம், காசிமேடு, தண்டையார்ப்பேட்டை, கொருக்குப்பேட்டைப் பகுதி மக்களுக்கு இது கற்பனை அன்று. தாத்தாக்கள் சொல்லக் கேட்ட வரலாறு. படம் வந்து ஆண்டுகள் கடந்தும் இந்தப் பக்கத்து ஜிம்களின் சுவர்களில் கபிலனும் டான்சிங் ரோஸும் இருக்கிறார்கள். மாணவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளும் அவர்களைப் பற்றியவையே: “சார், அந்த மாதிரி ஒரு மாசத்துல உடம்பைக் குறைக்க முடியுமா? எந்தப் பவுடர் வாங்கலாம்?”

படத்தின் நடிப்பையும் அரசியலையும் பலர் எழுதிவிட்டார்கள். நாம் இங்கு ஆராய்வது ஒன்றே ஒன்று: இப்படம் மனித உடலைப் பற்றிச் சொல்வதில் எது மெய், எது பொய், எதைச் சொல்லாமல் விட்டது?

மூட்டை சுமந்த உடல்

முதலில் பாராட்ட வேண்டியதைப் பாராட்டுவோம். கபிலன் ஜிம்மில் உருவானவன் அல்லன். துறைமுகத்தில் சுமை தூக்கி உரமேறிய உடல் அவனுடையது. இது அறிவியலுக்கு ஒத்த செய்தி.

கதை நிகழும் அதே 1975ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் இரால்ஃப் பாஃபன்பார்கர் ஓர் ஆய்வை வெளியிட்டார். சான் பிரான்சிஸ்கோ துறைமுகத் தொழிலாளர்கள் 6,351 பேரை 22 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு அது. கடுமையான சுமை வேலை செய்தவர்களிடையே மாரடைப்புச் சாவு, இலேசான வேலை செய்தவர்களிடையே காணப்பட்டதில் ஏறத்தாழப் பாதியாகவே இருந்தது. உடலுழைப்பு இதயத்தைக் காக்கிறது என்பதற்கு உலகம் கண்ட முதன்மையான சான்றுகளில் ஒன்று ஒரு துறைமுகத்திலிருந்துதான் வந்தது என்பதை நம் வடசென்னை வாசகர்கள் நினைவில் வைக்கலாம்.

ஆனால் இதிலிருந்து ‘நாள் முழுக்க வேலை செய்கிறேன், எனக்கு எதற்கு உடற்பயிற்சி?’ என்ற முடிவுக்கு வந்துவிடக் கூடாது. 2018இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, உடலை வருத்தும் தொழில் செய்யும் ஆண்களுக்கு அகால மரண ஆபத்து மற்றவர்களைவிட 18 விழுக்காடு கூடுதல் என்று கண்டது. ஓய்வு நேர உடற்பயிற்சி நன்மை தருகிறது, தொழிலில் செய்யும் அதே உழைப்பு தீமை தருகிறதே என்று ஆய்வாளர்கள் இதை ஒரு முரண்பாடாகவே பேசுகிறார்கள். வறுமை, புகைப்பழக்கம் போன்றவற்றின் பங்கும் இதில் கலந்திருக்கலாம் என்பதால் விவாதம் முடியவில்லை. எனினும் காரணம் ஓரளவு விளங்குகிறது. பயிற்சியில் அரைமணி வேகம், பிறகு ஓய்வு. தொழிலில் எட்டுமணி, பத்துமணி நேரம் ஓய்வின்றி ஒரே வகை அசைவு. முதுகெலும்பின் மீது ஒரே வகைச் சுமை. வேகத்தைத் தீர்மானிப்பவர் மேஸ்திரி, நாம் அல்ல. சான் பிரான்சிஸ்கோ தொழிலாளர்களின் வேலையோ விட்டுவிட்டு வரும் வேகமான உழைப்பாக இருந்தது.

மேலும் காலம் மாறிவிட்டது. 1983இல் சென்னைத் துறைமுகத்தில் சரக்குப்பெட்டக முனையம் வந்தது. தலையில் ஏறிய சுமை பெரும்பாலும் பாரந்தூக்கிக்கும் கன்டெய்னர் லாரிக்கும் போய்விட்டது. கபிலனின் பேரன் இன்று அந்த லாரியின் ஓட்டுநராகவோ, கணினிமுன் அமர்ந்திருப்பவராகவோ இருப்பார். தாத்தாவுக்குத் தொழில் தந்த உடலைப் பேரன் தனியே முயன்றுதான் பெற வேண்டும்.

குத்து கையில் இல்லை, காலில்

படத்தில் இயற்பியல் மாணவர்கள் மிகவும் இரசிக்க வேண்டிய பாத்திரம் டான்சிங் ரோஸ். கால்களை ஒரு கணமும் நிலையாக வைக்காத அந்த ஆட்டம் வெறும் அலங்காரம் அன்று. குத்தின் விசை தரையில் பிறக்கிறது. கால் தரையைப் பின்னோக்கித் தள்ளுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதிப்படி தரை காலை முன்னோக்கித் தள்ளுகிறது. அந்தத் தள்ளல் இடுப்பின் சுழற்சியாகி, தோள் வழியே முட்டியை அடைகிறது. 1985இல் வெளியான சோவியத் ஆய்வொன்று இதை அளந்தது. தேர்ந்த வீரர்களின் குத்தில் கால்களின் பங்கு ஏறத்தாழ 38 விழுக்காடு. புதியவர்களிடம் ஏறத்தாழ 17 விழுக்காடு மட்டுமே. புதியவன் கையால் குத்துகிறான், தேர்ந்தவன் காலால் குத்துகிறான் என்று சுருக்கமாகச் சொல்லலாம்.

இதில் நமக்கு அன்றாடப் பாடம் ஒன்று உண்டு. நம் இளைஞர்கள் பெரும்பாலோர் ஜிம்முக்குப் போனால் கண்ணாடியில் தெரியும் மார்பையும் புயத்தையுமே பயிற்றுவிக்கிறார்கள். உடலின் மிகப் பெரிய தசைகள் தொடையிலும் பிட்டத்திலும் உள்ளன. உண்ட சர்க்கரையைப் பெருமளவில் வாங்கிக்கொள்ளும் கிடங்கும் அவையே. நீரிழிவு மலிந்த நம் நாட்டில் காலை மறந்த பயிற்சி பாதிப் பயிற்சிதான். நம் பழைய வாத்தியார்கள் கையுறையைத் தொடவிடும் முன்பே பஸ்கியும் கயிறு தாண்டலும் செய்யச் சொன்னதன் பொருள் இது. அவற்றிற்குக் கட்டணமும் இல்லை.

ஒரு பாட்டில் கரையும் தொந்தி

இனிக் குறைகளுக்கு வருவோம். சிறை, குடி, சாராயத் தொழில் என்று வீழ்ந்த கபிலன் தொந்தியும் மூச்சிரைப்புமாக நிற்கிறான். பீடி ராயப்பன் அவனைக் கடற்கரைக்கு அழைத்துப் போகிறார். ஒரு பாட்டு. பாட்டு முடியும்போது தொந்தி இல்லை.

திரைக்கலைக்கு இந்தச் சுருக்கம் தேவை என்பதை ஒப்புகிறேன். ஆனால் பார்ப்பவன் மனத்தில் பதிவது பாட்டின் நேரமே. கணக்கைப் போட்டுப் பார்ப்போம். (இங்குக் கலோரி என்று நான் குறிப்பது உணவியலார் வழங்கும் கிலோ கலோரி.)

உடலின் ஒரு கிலோ கொழுப்புத் திசுவில் ஏறத்தாழ 7,700 கலோரி ஆற்றல் அடங்கியுள்ளது. ஒருவர் 15 கிலோ கூடியிருக்கிறார் என்று கொள்வோம். 15 × 7,700 = 1,15,500 கலோரி. இதை ஒரு மாதத்தில் கரைக்க, நாள்தோறும் உண்பதைவிட 3,850 கலோரி கூடுதலாகச் செலவிட வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் தந்த அளவின்படி, கடும் உழைப்பாளியான ஆணின் முழுநாள் தேவையே 3,470 கலோரிதான். அதாவது ஒன்றுமே உண்ணாமல் மூட்டை தூக்கினாலும் கணக்கு நேராகாது. நாளொன்றுக்கு 550 கலோரி குறைத்தால் வாரத்துக்கு அரை கிலோ குறையும்; 15 கிலோவுக்கு 30 வாரம், ஏறத்தாழ ஏழு மாதம். இதுவே உடலுக்குத் தீங்கில்லாத வேகம்.

“பயிற்சியாலேயே எரித்துவிடுவேன்” என்பவர்களுக்கும் ஒரு கணக்கு. 50 கிலோ மூட்டையை ஒன்றரை மீட்டர் உயர்த்தச் செய்யும் வேலை 50 × 9.8 × 1.5 = 735 ஜூல்; அதாவது 0.18 கலோரிகூட இல்லை. தசையின் திறன் 25 விழுக்காடு என்று வைத்தால் உடல் செலவிடுவது ஏறத்தாழ 0.7 கலோரி. இருநூறு மூட்டை தூக்கினால் 140 கலோரி. அது இரண்டு முட்டையில் உள்ள ஆற்றல்! (குனிந்து நிமிர்வதும் நடப்பதும் தனிக் கணக்கு.) ஆகவே எடை குறைவது முதலில் சாப்பாட்டுத் தட்டில், பயிற்சி அதற்குத் துணை. பயிற்சியின் உண்மையான பயன் இதயம், தசை, உறக்கம், மனம் ஆகியவற்றுக்கே.

இதில் படத்துக்குச் சாதகமான ஒரு செய்தியும் உண்டு. முன்பு நன்கு பயின்றவன் மீண்டும் தொடங்கினால் புதியவனைவிட விரைவில் தேறுகிறான். பயிற்சியால் தசை நார்களில் கூடும் உட்கருக்கள், தசை மெலிந்த பிறகும் அழியாமல் நிற்பதை நார்வே ஆய்வாளர்கள் 2010இல் சுண்டெலிகளில் கண்டார்கள். ஆகவே கபிலன் மீள்வது பொய்யன்று. அதன் வேகமே பொய்.

வேகத்தை நம்புபவர்கள்தாம் வெயிலில் கம்பளிச் சட்டையோ பிளாஸ்டிக் உடையோ அணிந்து ஓடுகிறார்கள். அதனால் குறைவது நீர், கொழுப்பு அன்று. ஒரு சொம்பு தண்ணீர் குடித்தால் திரும்பிவிடும். வியர்வை உடலைக் குளிர்விப்பது அது ஆவியாகும்போது மட்டுமே. ஒரு லிட்டர் வியர்வை ஆவியானால் ஏறத்தாழ 580 கலோரி வெப்பம் நீங்குகிறது. சொட்டிவிழும் வியர்வையால் பயனில்லை. நம் கடலோரக் காற்றில் ஏற்கெனவே ஈரம் மிகுதி. அதன்மேல் பிளாஸ்டிக்கையும் போர்த்தினால் வெப்பம் போக வழியில்லை. 1997இல் அமெரிக்காவில் போட்டிக்காக இவ்வாறு எடை குறைக்க முயன்ற மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் சில வாரங்களுக்குள் அடுத்தடுத்து இறந்தார்கள்.

குவார்ட்டர் கணக்கும் பீடிக் கணக்கும்

குடி கபிலனை எப்படி உருக்குலைக்கிறது என்று காட்டியதில் படம் நேர்மையானது. மனைவி மாரியம்மாளும் தாய் பாக்கியமும் படும் துன்பத்தை மறைக்கவில்லை. ஆனால் குடியை அது ஒரு மனநிலையாகக் காட்டுகிறது. மானம் திரும்பியதும் குடி போய்விடுகிறது. உண்மையில் போவது அத்தனை எளிதன்று. நெடுநாள் குடித்தவர் திடீரென நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும்கூட வரலாம். அவருக்கு மருத்துவ உதவி வேண்டும். “ஆம்பிளையா இருந்தா நிறுத்து” என்பது மருத்துவம் ஆகாது.

கதையின் காலத்தில் தமிழ்நாட்டில் மதுவிலக்கு இருந்தது. ஆகவே கபிலன் குடிப்பது கள்ளச்சாராயம். அதில் மெத்தனால் கலந்தால் என்ன ஆகும் என்பதை 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொடுத்து அறிந்தோம். கடையில் விற்கும் மது மட்டும் உடற்பயிற்சிக்கு உகந்ததா? ஒரு குவார்ட்டர் 180 மில்லி. அதில் ஆல்கஹால் 42.8 விழுக்காடு, அதாவது 77 மில்லி, எடையில் ஏறத்தாழ 61 கிராம். கிராமுக்கு 7 கலோரி வீதம் 425 கலோரி. 70 கிலோ எடையுள்ளவர் ஒரு கிலோமீட்டர் ஓட ஏறத்தாழ 70 கலோரி செலவாகும். ஆக, ஒரு குவார்ட்டரை ஈடுகட்ட ஆறு கிலோமீட்டர் ஓட வேண்டும். தொட்டுக்கொள்ளத் தின்றது தனி.

இதைவிட முக்கியமானது வேறு. கல்லீரல் மணிக்கு 7 முதல் 10 கிராம் ஆல்கஹாலைத்தான் சிதைக்க முடியும். அந்த ஆறு முதல் ஒன்பது மணி நேரமும் உடல் கொழுப்பை எரிப்பது பெரிதும் ஒதுங்கி நிற்கிறது, தசையில் புரதம் கட்டப்படுவது குறைகிறது, உறக்கம் கெடுகிறது. மிகுதியாகக் குடிப்பவரிடம் ஆண்மைச் சுரப்பாகிய டெஸ்டோஸ்டிரோனும் குறைகிறது. சனிக்கிழமை இரவு குடித்துவிட்டு ஞாயிறு காலை இரும்பு தூக்குபவர், கட்டிய சுவரைத் தாமே இடிக்கிறார்.

பீடி ராயப்பனைப் பற்றியும் ஒரு சொல். கபிலனை மீட்பவர் அவர், நல்ல பாத்திரம். ஆனால் பெயரிலேயே பீடியைச் சுமக்கும் ஒருவர் மூச்சுப் பயிற்சியின் ஆசானாக வருவதைப் படம் சுவையாக மட்டுமே காண்கிறது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு, இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பற்றுடன் ஒட்டிக்கொள்கிறது. ஓட வேண்டியவனின் இரத்தத்தில் ஆக்சிஜனுக்குரிய இருக்கையைப் பிடித்துக்கொள்ளும் வாயு அது.

பவுடரா, சாப்பாடா?

கபிலன் என்ன சாப்பிட்டு மீண்டான் என்பதைப் படம் விளக்கவில்லை. அந்த இடைவெளியை இன்று புரதப் பவுடர் விற்பவர்கள் நிரப்புகிறார்கள். சாதாரண வாழ்க்கைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் போதும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் அளவு. 65 கிலோ ஆணுக்கு 54 கிராம். கடும் பயிற்சி செய்பவருக்கு அதைப்போல் ஏறத்தாழ இருமடங்கு, அதாவது கிலோவுக்கு 1.6 கிராம் என்று கொண்டால் 104 கிராம். இது நம் சந்தையிலேயே கிடைக்கிறதா என்று பார்ப்போம்:

அரிசி 300 கிராம் – 24 கிராம் புரதம்
பருப்பு 60 கிராம் – 14
கறுப்புக் கொண்டைக்கடலை 50 கிராம் – 9
வேர்க்கடலை 30 கிராம் – 7
முட்டை இரண்டு – 12
மத்தி மீன் 150 கிராம் – 30
பால் 250 மில்லி – 8

கூட்டினால் 104. காசிமேட்டுக்கு இவ்வளவு அருகில் வாழ்ந்துகொண்டு, மலிவான மத்தியையும் நெத்திலியையும் விட்டுவிட்டு, டப்பாவுக்கு ஆயிரக்கணக்கில் கொடுப்பது என்ன கணக்கு? சைவ உணவினர் மீன், முட்டைக்கு மாற்றாகப் பருப்பு, சுண்டல், தயிர், சோயா ஆகியவற்றைக் கூட்டிக்கொள்ளலாம். ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதல்களும் தசைக்காகப் புரதப் பவுடர் உண்பதைத் தவிர்க்கும்படியே கூறுகின்றன. குறிப்பாகச் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேளாமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

படம் சொல்லாமல் விட்டது

இப்படத்தின் மிகப் பெரிய குறை, அது காட்டியவற்றில் இல்லை. காட்டாமல் விட்டதில் இருக்கிறது. அதுதான் தலை.

1985இல் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள், உலகத் தரவரிசையில் இருந்த ஃபிராங்க் புரூனோவின் குத்தைக் கருவிகொண்டு அளந்தார்கள். கைமுட்டியின் வேகம் நொடிக்கு 8.9 மீட்டர். இலக்கில் பதிந்த உச்ச விசை 4,096 நியூட்டன். அது மனிதத் தலையில் 6,320 நியூட்டன் வரை ஆகக்கூடும் என்று மதிப்பிட்டார்கள். தலைக்குக் கிடைக்கும் முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் 53 மடங்கு. ஆறு கிலோ எடையுள்ள, உறைபோட்ட மரச் சுத்தியலை மணிக்கு 32 கிலோமீட்டர் வேகத்தில் வீசி அடிப்பதற்கு இது சமம் என்பது அவர்கள் தந்த ஒப்புமை.

மூளை மண்டையோட்டுக்குள் நீரில் மிதக்கும் மென்மையான பொருள். தலை சட்டென்று திரும்பும்போது மூளை பின்தங்குகிறது. நரம்பு இழைகள் இழுபட்டுக் கிழிகின்றன. கையுறை, அடிப்பவனின் விரலையும் அடிபடுபவனின் தோலையும் காக்கும்; மூளைக்குச் செல்லும் உந்தத்தை அது விழுங்கிவிடுவதில்லை. 1928இலேயே அமெரிக்க நோயியலார் ஹாரிசன் மார்ட்லண்ட், குத்துச்சண்டைக்காரர்களுக்குப் பிற்காலத்தில் வரும் தடுமாற்றத்தையும் குழறலையும் விவரித்தார். 1973இல் கோர்செலிஸ் குழுவினர், ஓய்வுபெற்ற 15 வீரர்களின் மூளைகளை இறப்புக்குப்பின் ஆராய்ந்து நிலையான சேதங்களைக் கண்டார்கள். 1980இல் முகமது அலி சென்னைக்கு வந்து காட்சிப் போட்டி ஆடியபோது நம் ஊரே திரண்டு பார்த்தது. 1984இல் அவருக்குப் பார்க்கின்சன் நோய்க் கூறுகள் இருப்பது உறுதியானது. அந்நோய்க்குத் தலையில் பட்ட அடிகளே முழுக் காரணமா என்பது விவாதத்துக்குரியது. ஆனால் அடிகளைப் பொருட்படுத்த வேண்டியதில்லை என்று சொல்லும் மருத்துவர் இன்று இல்லை.

படத்தில் வீரர்கள் தலையில் அடி வாங்குகிறார்கள், தள்ளாடுகிறார்கள், எழுகிறார்கள், கூட்டம் ஆர்ப்பரிக்கிறது. எழுவதே மானம். ஆனால் ஒருமுறை மூளை அதிர்ந்தவன் தேறுமுன் மறுமுறை அடிபட்டால் உயிரே போகலாம். ‘எழுந்து நில்’ என்று கற்பித்த படம், ‘இன்று போதும், இறங்கு’ என்று சொல்லும் ஒரு வாத்தியாரையும் காட்டியிருக்கலாம். மூன்று மணி நேரத்துக்கு நெருங்கிய படத்தில் அதற்கு இடம் இல்லாமல் போகவில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது

படத்தைப் பாருங்கள், நல்ல படம். உழைக்கும் மக்களின் உடலை இத்தனை மதிப்போடு காட்டிய தமிழ்ப் படங்கள் குறைவு. ஆனால் அதைப் பயிற்சி நூலாகக் கொள்ளாதீர்கள்.

வாரத்துக்கு 150 நிமிட வேக நடை அல்லது 75 நிமிட ஓட்டம், இரண்டு நாள் தண்டாலும் பஸ்கியும்: இதுவே உலக நலவாழ்வு நிறுவனம் கூறும் அளவு. கன்டெய்னர் லாரிகள் புகைவிட்டு நிற்கும் நெடுஞ்சாலையில் ஓடாமல், விடிகாலையில் மைதானத்தையோ கடற்கரையையோ நாடுங்கள். எடைக்கருவி இல்லாவிட்டாலும் தையல் நாடா ஒன்று போதும். ஆணின் இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டரைத் தாண்டினால் உடல் எச்சரிக்கிறது என்று பொருள். முப்பது வயதுக்குமேல் ஆண்டுக்கொருமுறை இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பாருங்கள். மாநகராட்சி நலவாழ்வு மையத்தில் அதற்குக் கட்டணம் இல்லை. குத்துச்சண்டை பயில விரும்பினால் தாராளமாகப் பயிலுங்கள். மணல் மூட்டையைக் குத்துவதும் கயிறு தாண்டுவதும் சிறந்த பயிற்சிகள். தலையில் அடிவாங்கும் ஆட்டத்துக்கு இறங்குமுன் மட்டும் தகுதியான பயிற்சியாளரும், மேடைக்கருகில் மருத்துவரும் உண்டா என்று கேளுங்கள். இல்லையென்றால் அந்த மேடை உங்களுக்குரியதன்று.

கபிலன் ஒரு பாட்டில் மீண்டான். உங்களுக்கு ஏழு மாதம் ஆகும். ஏழு மாதத்தில் மெல்ல வந்த உடல், ஒரு பாட்டில் வந்த உடலைவிட நெடுநாள் நிற்கும்.